முடிவைச் சொல்லாத விமர்சனம்

கோவை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஞானாபரணம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தாங்களும் தங்கள் வார இதழும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். தங்கள் சினிமா விமர்சகர் மட்டும் கொஞ்சம் குறைவான நலத்தோடு இருந்தால் எனக்கு வருத்தமில்லை.

தீயணைப்பு வீரரைப் பற்றிய புதுப் படத்துக்கு அவர், "தியாகத்தின் உச்சம், குடும்பத்தோடு பாருங்கள், முடிவை மட்டும் சொல்லமாட்டேன்" என்று எழுதியிருந்தார். ஏன் ஐயா சொல்லக்கூடாது? தாயில்லாமல் நான் வளர்த்த மகன் சைமன், அவிநாசியில் தீயணைப்பு வீரன். பொள்ளாச்சியில் பெண் பார்த்து, பேச்சு முடியும் தறுவாயில் இருந்தது. பெண்ணின் அம்மா விமலாராணிக்குத்தான் குழாய் பிடிக்கிற வேலைதானே என்று ஓர் இளக்காரம். வேலையின் அருமையைக் காட்டலாமென்று அவரையும் பெண் ஷைலாவையும் நானே அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனேன். கதாநாயகன் எரிகிற மாடியிலிருந்து குழந்தைகளை இறக்கியபோது, "நம்ம மாப்பிள்ளையும் இப்பிடித்தானுங்களாண்ணா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். "அச்சு அசலா இப்பிடியேதானுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கடைசியில் அந்தக் கதாநாயகன், மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, "தீ அணைஞ்சிருச்சு, வந்துர்றேன்" என்று வீட்டுக்குப் போன் செய்துவிட்டு, ஒரு பூனைக்குட்டிக்காக மறுபடி உள்ளே போய்ச் செத்துப்போனான்.

வெளியே வந்ததும் விமலாராணி, "இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்கண்ணா. எம்பொண்ணு தெனமும் வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கோணுமா?" என்றார். "முக்காவாசி நாள் பாம்பு புடிக்கத்தானுங்க போறான்" என்று சமாதானம் சொன்னேன். என்ன பாம்பு என்று கேட்டார். நாகம் என்று நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் மனம் மாறட்டுமென்று நான் மறுபடி கூப்பிட, ஷைலா கெஞ்சியதால் அடுத்த வாரம் ஒரு ராணுவப் படத்துக்கு வந்தார். அதைத் தங்கள் விமர்சகர் 'நம்பிக்கை தரும் படம்' என்று எழுதியிருந்தார். அதில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ஆகவே இனி இத்தகைய படங்களுக்கு, ஆள் பிழைக்கிறானா இல்லையா என்பதை முதல் வரியிலேயே போடவேண்டும். விமர்சகர் பொள்ளாச்சிக்கு நேரில் போய், சினிமா எல்லாம் பொய், நிஜத்தில் ஒன்றும் ஆகாது என்று அந்தம்மாவிடம் சொல்லவேண்டும். நிஜத்தில் ஒன்றும் ஆகாதென்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

தங்கள் வீட்டில் அடுப்பைத் தவிர வேறெங்கும் தீ எரியாதிருக்க ஜெபிக்கும்,
ஞானாபரணம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஷைலா கூப்பிட்டாள். "வாசலப் பாத்து உக்கார அங்க மாமா இருக்காங்கம்மா, நானும் கூட உக்காந்துக்கறேன்னு சொன்னேனுங்க மாமா. அம்மா சரின்னுட்டாங்க" என்றாள். எனவே பொள்ளாச்சிப் பயணம் தேவையில்லை. மதியம் பஞ்சு மில் தீக்குப் போன சைமனும் இப்போதுதான் போன் செய்தான். "அணைஞ்சிருச்சுங்கப்பா, வாரேன்" என்றான். படத்தில் அந்தக் கதாநாயகனும் இதையேதான் சொன்னான். நான் வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். விமர்சகருக்குச் சிரமமில்லையென்றால், இங்கே வந்து, சினிமா எல்லாம் பொய் என்று என்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டுப் போகட்டும்.