ஆல்டரேஷன் அக்கா ஒட்டிய பிளாஸ்திரி

சேலையூர் கேம்ப் ரோட்டில் மானத்தோடு நடமாடும் ஆண்களில் பாதிப் பேர் ஆல்டரேஷன் அக்காவின் தயவில் நடமாடுகிறார்கள். மீதிப் பேருக்குத் தங்கள் பேண்ட் பின்னால் பிரிந்திருப்பது இன்னும் தெரியாது.

எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படிக்குக் கீழே, என் வாசலிலிருந்து இரண்டடியில் அக்காவின் தையல் மெஷின். பிரிந்த தையலைப் பார்த்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு ரிசப்ஷனில் மேடையேறி, மாப்பிள்ளையின் கோட்டில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு இறங்கினார். ஆல்பத்தில் அந்தப் படமும் இருக்கிறது.

மெஷின் சத்தம் தாங்காமல், அதை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அசோசியேஷனுக்கு மனு எழுதி முதல் கையெழுத்தும் போட்டவன் நான். அது அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரம்தான் என் முதுகில் பயாப்ஸி. பெரிதாகிக்கொண்டிருந்த ஒரு மச்சத்தை டாக்டர் வட்டமாக வெட்டிச் சோதனைக்கு அனுப்பி, இரண்டு தையல் போட்டு, ஒரு தாளையும் கையில் கொடுத்தார். மனைவி மகளின் பிரசவத்துக்கு பெங்களூர் போயிருந்தாள். பயந்துவிடுவாளே என்று அவளிடம் சொல்லவில்லை. பயந்துகொண்டிருந்தது நான்தான். தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், மஞ்சளைக் குழைத்து, கை எட்டாததால் தோசைத்திருப்பியால் முதுகில் அப்பிக்கொண்டேன்.

மறுநாள் வாசலைத் தாண்டும்போதே அக்கா பிடித்துவிட்டார்.

"சார், முதுகுல சாம்பார் கொட்டிக்கினியா?"

"ஆணி கிழிச்சிடுச்சுக்கா."

சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "ஆணி வட்டமா கிழிக்குமா? இது கத்திரி வெச்ச வேல. சுத்தி செவந்துகினு கீது, கெளம்பு டாக்டர்கிட்ட."

கூடவே வந்தார். டாக்டர் என்னைத் திட்டி, காயத்தைக் கழுவி அனுப்பினார். படிக்கத் தெரியாத அக்கா ஆட்டோவில் அந்தத் தாளை என்னை வாசிக்கச் சொன்னார். தினமும் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவணும், ஒற்றி எடுக்கணும், பெட்ரோலியம் ஜெல்லி தடவணும், புது பிளாஸ்திரி ஒட்டணும், காயவிடக் கூடாது. மஞ்சள் என்ற சொல்லே அதில் இல்லை.

"படிச்ச புள்ள படிக்கல, பாரேன்" என்றார் ஆட்டோக்காரரிடம்.

மறுநாள் காலையிலிருந்து என் வீட்டு ஸ்டூலில் நான் சட்டையில்லாமல் நெளிந்துகொண்டு உட்கார, அக்கா கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வருவார்.

"ஊருக்கே அளவெடுக்கிறவகிட்ட இன்னா சார் வெக்கம்? தையலு ரெண்டுதான். ஆனா இழுப்பு கரீட்டா கீது. டாக்டரு கைகாரரு."

ஐந்தாம் நாள், ஜெல்லி தடவிக்கொண்டே மடித்த காகிதம் ஒன்றை என் முன்னால் நீட்டினார். "இத்தையும் படி சார். செக்ரட்டரி குடுத்தாரு."

என் மனுவின் நகல். கீழே என் கையெழுத்து. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

"தண்ணி டேங்க் கழுவுறாங்களாம்க்கா."

அக்கா பிளாஸ்திரியை ஒட்டி, நாலு மூலையையும் விரலால் நீவிவிட்டார்.

"அப்டியா? வாட்ச்மேன் வேற இன்னாவோ படிச்சாரு."

அவ்வளவுதான். மறுநாளும் அதே நேரத்துக்கு, அதே கழுவிய கையோடு வந்தார். நான் செத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, பிளாஸ்திரி விலையைக் கேட்டேன். ரிசல்ட் வரட்டும், மனுவை வாபஸ் வாங்கிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

தையல் பிரித்த அன்றே ரிசல்ட்டும் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. இனிப்புப் பெட்டியோடு ஓடி வந்தால் மாடிப்படிக்குக் கீழே தரை துடைத்துக் கிடந்தது. "காலையிலயே காலி பண்ணிட்டாங்க. இனி நிம்மதியா தூங்கலாம் சார்" என்றார் செக்ரட்டரி.

அக்கா இப்போது எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடை நிழலில். இனிப்போடு போய் நிற்க முகமில்லை. நல்ல பேண்ட் ஒன்றின் மடிப்பை நானே பிரித்து எடுத்துப் போனேன்.

அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தானா பிரிஞ்சதில்ல சார் இது. கத்திரி வெச்ச வேல."

"ஆமாக்கா. நான்தான். மனுவும் நான்தான்."

ஊசியில் நூலைக் கோத்துவிட்டு நிமிர்ந்தார்.

"முதுகு ஆறிச்சா? திரும்பு, பாக்கலாம்."

கேம்ப் ரோடு முழுக்கப் பார்க்க, திரும்பி நின்று சட்டையைத் தூக்கினேன்.