இணைச்சீர் படத்தில் ஒரு கை

தாராபுரம் மாப்பிள்ளை தங்கதுரை அவர்களுக்கு, திருப்பூரிலிருந்து மாமனார் பொங்கியண்ணன் எழுதிக்கொள்வது. நான் சொல்லச் சொல்ல உங்கள் அத்தை சாரதாமணி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துக்கு மேல் வராது. அங்கே எல்லாரும் சௌக்கியந்தானுங்களா? அமராவதியில் தண்ணி போகுதுங்களா? எருமை கன்னு போட்டுதாமே, கிடாரிதானுங்களே?

இந்துமதி நல்லாச் சாப்பிடறாளுங்களா? வெள்ளிக்கிழமை கட்டுச்சோத்து விருந்து முடிஞ்சாலும் பொறந்த ஊட்டுக்கு வரமாட்டேன், பிரசவம் தாராபுரத்துலயே ஆகட்டும்னு சொல்லிட்டாளாம். தம்பி பிரதீப் கல்யாணத்துப் படத்தைப் பார்த்த நாள்ல இருந்து எங்கிட்டப் பேச்சில்லீங்க. பெத்தவனை விட ஒரு படம் பெருசாப் போச்சு. மனசு பொக்குனு கெடக்குது.

குத்தம் என்மேல இல்லீங்க, லென்சு மேல. படம் எடுத்தவன் சுரேந்தர், உங்க அத்தையோட அண்ணன் மகன். 'என் பொறந்த ஊட்டாளுன்னு எழுதியே ஆவோணுமா?'ங்கறா. எழுது, எழுது. கல்யாணத்துக்கு முன்னால அனுப்பர்பாளையத்துல ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். பாத்திரம் பண்றவங்க. சீரா வெச்ச அண்டாவுல நாலு ஆளு ஒட்டுக்காக் குளிக்கலாம், அதை நேர்ல சொல்றேன். அங்க ஒருத்தன் நின்ன எடத்துலயே நின்னு மண்டபத்தை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் புடிச்சான். என்ன லென்சுன்னேன். இருபத்திநாலுன்னான். அதையே ரெண்டு நாளைக்குக் கேட்டு வாங்கியாந்து சுரேந்தர் கையில குடுத்தேன்.

"மாமா, என் கேமராவுக்குப் பதினாறு வேணுங்க. நம்ம மண்டபம் குறுகல்."

"ஏன்டா, இருபத்திநாலு டயா மிஷின்ல ஓட்டுன துணி அகலமா, பதினாறு டயா மிஷின்ல ஓட்டுனது அகலமா? பனியன் ஊருல பொறந்துட்டு இது தெரியலியா? போடா."

போயிட்டான். படம் வந்துச்சு. நடுவுல எனக்கு ஆர்டர் குடுக்கற பையிங் ஆபீஸ் மேனேஜர், சட்டைப் பொத்தான எண்ணிப்போடலாம், அத்தனை தெளிவு. பக்கத்துல பிரதீப். கூடப்பொறந்தவளுக்குப் பண்ற இணைச்சீர்லயே கூடப்பொறந்தவளைக் காணோம். ஓரத்துல சீர்க்கூடையில பாதியும், வளையல் போட்ட ஒரு கையும்.

"பின்னால போயி எடுக்கறதுக்கென்னடா?"

"பின்னால செவுருங்க மாமா. செவுத்துக்கு அக்கட்ட ஜெனரேட்டர்."

அப்பறம் சொல்றான் பாருங்க வெளக்கம்! "பெரியாளு பனியனுக்கு யானைப் படம் அடிக்கற பிரிண்டிங் ஸ்கிரீன்ல குழந்தை பனியனை வெச்சு அடிச்சா என்னங்க ஆகும்?"

"வவுறு மட்டும் விழும். தும்பிக்கையும் வாலும் மேசையில விழும்."

"அதேதானுங்க. ஸ்கிரீன் லென்சு, பனியன் கேமராவுக்குள்ள இருக்கற சென்சார். அவங்க கேமராவுல பெரிய சென்சார், முழு யானையும் விழுந்துச்சு. எனக்குச் சின்னது. சின்னதுக்கு யானையச் சுருக்கிப் போடற லென்சு வேணும். லென்சுல நம்பர் கொறையக் கொறையத்தான் அகலம் கூடும்."

"மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"சொன்னேனுங்க. போடான்னீங்க."

இருவது வருசமா பனியன்ல பிரிண்ட் அடிக்கறவனுக்குப் பாடம்! சரி, இருக்கட்டும். இந்துகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லோணும். அப்பன் அவளை விட்டுப்போட்டு எடுக்கச் சொல்லலை, கேமராதான் ஓரத்தை வெட்டிப்போட்டுது. கட்டுன ஊட்டுல ராசாத்தியா இருக்கறவளுக்குப் பொறந்த ஊடு கசந்துபோச்சுன்னு நாலு பேரு சொன்னா எனக்குத்தானே தலைகுனிவு. முருகன் புண்ணியத்துல அவ தலப்பிரசவம் நல்லபடி ஆவோணும், நீங்க எல்லாரும் நல்லா இருக்கோணும். அவ எப்படி ஓரத்துக்குப் போனான்னு கேட்டீங்கன்னா, அது வந்துங்க, கூட்டத்துல

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. பிரிண்டிங் மாஸ்டர் சண்முகவேல் வாசலில் நின்று "மொதலாளி, ஸ்கிரீன்ல கலர் காயுதுங்க!" என்று கத்தவும், இவர் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு எழுந்து போய்விட்டார். மீதியை நான் எழுதுகிறேன்.

கூட்டத்தில் இல்லை. "கண்ணு, செத்த அக்கட்ட தள்ளு, மேனேஜர் நிக்கட்டும்" என்று அவள் தோளைப் பிடித்து ஓரத்துக்கு நகர்த்தியவர் இவர்தான். நான் பக்கத்தில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. லென்ஸ் சரியாக இருந்திருந்தால் அவள் ஓரத்தில் நிற்பதும் சேர்ந்து விழுந்திருக்கும்.

படத்தைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் இங்கே வரவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிறேன். பிரசவம் வரை அங்கேயே இருப்பேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வாயால்தான் சொல்ல வேண்டும், அவருக்குப் படிக்கத் தெரியாதே.