முழங்கைக்கு உரியவர்

பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறதே, அதைத்தான் கவனிப்பாரில்லை. எந்த மகா நடிகர் எந்த ஊரில் பிறந்தாலும், அவர் முதல்முறை மேடையேறி நடுங்கி நின்றபோது "பயப்படாதே, போ" என்று முதுகில் தட்டி அனுப்பியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். மகா நடிகர் செத்துப் பத்து வருஷம் ஆகும்வரை இவர் வாயைத் திறப்பதில்லை. செத்தவர் இனி எழுந்து வந்து மறுக்கமாட்டார் என்பது உறுதியான பிறகு திறந்த வாய், அப்புறம் மூடுவதில்லை.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நான் சொல்லப்போவது எங்கோ ஒரு மலைநாட்டில் இருக்கிற ஆக்-கெச்சூ நகரத்து எசென்குல் என்பவரை.

எழுபத்து நாலு வயது. வெள்ளைக் கம்பளித் தொப்பி, நிமிர்ந்த முதுகு, எப்போதும் யாரோ படம் எடுத்துக்கொண்டிருப்பதுபோல் சற்றே திரும்பிய முகம். ஆக்-கெச்சூ நாடக அரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் நடித்து ஓய்வு பெற்றவர். என்ன வேஷம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. இரண்டாவது காவலன், மூன்றாவது கிராமத்தான், மூச்சிரைக்க ஓடிவந்து "வந்துவிட்டார்கள்!" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போகிற தூதன் ஆகியவைதான் அந்த முப்பத்தொரு வருஷம். ஆனால் அவர் சொல்லக் கேட்டால், அந்த ஒற்றை வசனத்தை அவர் சொன்ன விதத்தில்தான் கதாநாயகனுக்குக் கண்ணீர் வந்ததாம், கதாநாயகனுக்குக் கண்ணீர் வந்ததால்தான் அவருக்கு அரசாங்கப் பட்டம் வந்ததாம், ஆகவே பட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாமாம்.

ஓய்வு பெற்றால் வீட்டில் இருக்கவேண்டியதுதானே? மாட்டார். ஒவ்வொரு புது நாடகத்துக்கும் மூன்றாவது வரிசையில் நடு நாற்காலியில் வந்து உட்காருவார். இளைஞர்கள் உயிரைக் கொடுத்து நடிக்கும் கட்டத்தில், சரியாக அரங்கம் மௌனமாக இருக்கும் அந்த நொடியில், "ம்ஹூம்" என்று ஒரு பெருமூச்சு விடுவார். கடைசி வரிசைவரை கேட்கும். ஆட்கள் எழுந்து கைதட்டும்போது பக்கத்து ஆசனத்துக்காரர் பக்கம் சாய்ந்து, இரக்கத்தோடு சொல்வார்.

"நீங்க பாத்ததில்ல. அதான் கைதட்டுறீங்க."

எதைப் பார்த்ததில்லை? யாரைப் பார்த்ததில்லை? சொல்லமாட்டார். சொன்னால் மதிப்பு போய்விடும் அல்லவா.

நம் எசென்குலுக்குக் காலம் ஒரு தடையே அல்ல. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் முகமூடி போட்டு நடித்த கிரேக்கர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "முகமூடிக்குள்ள வேர்த்துக் கொட்டும், பாவம்" என்று நெற்றியைத் துடைத்துக்கொள்வார். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாடகாசிரியரை 'அவன்' என்றுதான் குறிப்பிடுவார். "எழுத்து அவனுக்கு வரும். முடிக்கத்தான் தெரியாது, எல்லாரையும் கொன்னுடுவான்." மேடையில் நோயாளியாக நடித்துக்கொண்டிருக்கும்போதே நிஜமாகவே நோய் முற்றிச் சரிந்த பிரெஞ்சுக்காரரின் கதையைச் சொல்லும்போது, திரையை இழுத்து மூடியவர் இவரோ என்று நமக்கே சந்தேகம் வரும். காசநோயோடு நாடகம் எழுதிக்கொண்டிருந்த ருஷ்ய மருத்துவர் ஒருவர் குமிஸ் என்ற புளித்த குதிரைப் பால் குடித்து வைத்தியம் பார்த்துக்கொண்டாராம். "சமவெளிக் குதிரைப் பால் எப்படிக் கேக்கும்? நம்ம மலைக்கு வந்திருந்தா இன்னும் பத்து நாடகம் எழுதியிருப்பார். சொல்ல ஆள் இல்ல." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தானே போய்ச் சொல்லாமல் விட்டதற்கு வருந்துவதுபோல் தலையைக் குனிந்துகொள்வார்.

இதெல்லாம் துணைக் கதைகள். மூலக் கதை ஒன்று உண்டு. அது ஒரு புகைப்படத்தில் இருக்கிறது.

ஆக்-கெச்சூ அரங்கத்தை உண்டாக்கியவர் பெய்ஷேன் என்ற இயக்குநர். லாரி முதுகையே மேடையாக்கி, கோடைகால மேய்ச்சல் வெளிகளுக்குப் போய், குதிரைமேல் உட்கார்ந்தபடியே பார்க்கிற ஜனங்களுக்கு நாடகம் போட்டவர். அப்படி ஒரு பயணத்தில், ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன், ஒரே ஒரு படம் எடுத்தார்கள். நடுவில் பெய்ஷேன். சுற்றிலும் பதினோரு நடிகர்கள், இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை. இடது ஓரத்தில் பெய்ஷேன் ஏறிவந்த குதிரையின் கழுத்தும் தலையும். வலது ஓரத்தில், சட்டத்துக்கு வெளியே நிற்கிற யாரோ ஒருவரின் முழங்கை.

"அந்த முழங்கை நான்தான்" என்பார் எசென்குல்.

இந்த முழங்கையை ஊன்றித்தான் அவர் முப்பது வருஷமாக நிமிர்ந்து நிற்கிறார். அரங்கத்து வாசலில் மாட்டியிருக்கிற அந்தப் படத்தின் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்தி, முழங்கையைக் காட்டி, தன் கையையும் அதே கோணத்தில் மடக்கிக் காட்டுவார். பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ளும். முழங்கைக்கு முழங்கை வித்தியாசம் கண்டுபிடிக்க யாரால் முடியும்?

இந்த வருஷம் பெய்ஷேன் பிறந்து நூறு ஆண்டு. அரங்கத்தின் இப்போதைய நிர்வாகி தாலாய்பேக், நல்ல பையன், யார் மனமும் கோணக்கூடாது என்று நினைப்பவன், அதனாலேயே எல்லார் மனமும் கோணும்படி காரியம் செய்பவன். முற்றத்தில் பெரிய கம்பளிக் கூடாரம் போட்டு, அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலுக்கு நேர் எதிரே தொங்கவிட்டு, மதிய விருந்து ஏற்பாடு செய்தான். "பெய்ஷேனோடு மிக நெருங்கியிருந்தவருக்கு ஆட்டுத் தலை" என்று அறிவித்தும்விட்டான்.

அவித்த ஆட்டுத் தலை என்றால் என்ன என்று அங்கே எந்தக் குழந்தைக்கும் தெரியும். சபையில் யார் பெரியவரோ அவர் முன்னால்தான் அது வைக்கப்படும். அவர் கத்தியெடுத்து, கண்ணை, தான் அடிக்கடி பார்க்க விரும்பும் ஆளுக்கும், காதை 'சொன்ன பேச்சைக் கேள்' என்று சின்னப் பிள்ளைக்கும் அறுத்துக் கொடுப்பார். அவர் தொடும்வரை மற்றவர் யாரும் இறைச்சியைத் தொடக்கூடாது. எத்தனை மகாநடிகர் வாழ்க்கைக்குப் பக்கத்தில் நின்றாலும், எசென்குல் முன்னால் ஒரு தலைகூட இதுவரை வந்ததில்லை. விலா எலும்புதான். அன்று காலையில் அவர் கண்ணாடி முன்னால் கத்தி பிடித்துப் பழகியதை அவர் மருமகள் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லிக் கேலி செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

விருந்துக்குத் தலைநகரத்திலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். ஒர்மோன் என்ற விமரிசகர். அறுபத்தாறு வயது, பட்டு அங்கி, கையில் அவரே எழுதிய தடிப் புத்தகம். 'பெய்ஷேனும் நானும்' என்பதுபோல ஏதோ தலைப்பு. தாலாய்பேக் தட்டில் தலையை ஏந்திக்கொண்டு எசென்குலை நோக்கி இரண்டு அடி வைத்தபோது, ஒர்மோன் புத்தகத்தை விரித்துச் சபைக்குக் காட்டினார். அதே புகைப்படம். கீழே அச்சில் ஒரு வரி. 'வலது ஓரத்தில் தெரியும் முழங்கை: நூலாசிரியர்.'

தாலாய்பேக் நடுவழியில் நின்றுவிட்டான்.

எசென்குல் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஒர்மோன் தம்பி, அது என் முழங்கை."

"அண்ணே, நாப்பது வருஷமா இந்தக் கையாலதான் எழுதிக்கிட்டிருக்கேன். என் கை எனக்குத் தெரியாதா?"

"எழுதுறவன் முழங்கை மேஜையில தேயும். இது மேடையில தேஞ்ச முழங்கை."

அதற்கப்புறம் நடந்ததை ஆக்-கெச்சூவில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். இரண்டு கிழவர்களும் எழுந்து, படத்துக்கு இரண்டு பக்கமும் நின்று, கைகளை மடக்கி உயர்த்தினார்கள். கைக்கு எதிராகக் கை. விருந்துக்கு வந்திருந்த நாற்பது நடிகர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், பசியில். சிலர் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள், சிலர் அந்தப் பக்கம். தட்டில் தலையைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்கியது. எசென்குல் கையை இறக்கவில்லை. இந்த முழங்கையும் போனால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது காவலன் மிச்சம்.

வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டு பேரும் கையை இறக்குங்க. அது என் கை."

புரூல். அரங்கத்தின் உடைகளைப் பார்த்துக்கொள்பவள். எழுபத்தெட்டு வயதாகியும் ஊசியைக் கீழே வைக்காதவள். அரங்கத்தில் எல்லாருக்கும் அக்கா. தேநீர்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தாள், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தில் விரலை வைத்தாள்.

"இந்த ஒட்டுத் துணியப் பாருங்க. தையல் எப்படிச் சாய்ஞ்சிருக்கு? நான் இடக்கைக்காரி. இந்த ஊர்ல இப்படித் தைக்கிறவ நான் ஒருத்திதான். அன்னைக்கு ஜூன் மாசத்துல பனி கொட்டுச்சு. எனக்குக் கோட்டு இல்ல, காவலன் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டேன். பெய்ஷேனுக்குப் பித்தான் அறுந்துபோச்சு. தெச்சு, நூலைக் கடிச்சுட்டு விலகுறேன், அதுக்குள்ள படம் எடுத்துட்டாங்க."

யாரோ கேட்டார்கள், ஐம்பத்திரண்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று.

"யாரும் கேக்கலையே. முழங்கையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

பெய்ஷேனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி தாலாய்பேக் வேண்டினான். அவள் யோசித்தாள். "நல்ல மனுஷன். பித்தான்தான் நிக்காது" என்றாள். நூற்றாண்டு விழாவில் அன்று பேசப்பட்ட பேச்சுக்களிலேயே மிக நெருக்கமானது அதுதான் என்பதில் சபைக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பெண்ணுக்குத் தலை வைக்கிற வழக்கம் அங்கே கிடையாது. ஆனால் பசி வந்தால் பத்தும் பறக்கும். வழக்கம் பதினொன்றாவதாகப் பறந்தது. தாலாய்பேக் தட்டை அவள் முன்னால் வைத்தான். முணுமுணுக்கக்கூட யாருக்கும் தெம்பு இல்லை.

அவள் கத்தியை இடது கையில் எடுத்தாள். முதலில் காதை அறுத்து, சபையில் குழந்தைகள் யாராவது இருக்கிறார்களா என்று தேடாமலே, நேராகத் தலைநகரத்து ஒர்மோன் கையில் வைத்தாள். "அந்த வருஷம் நீ பள்ளிக்கூடத்துல இருந்திருப்ப, தம்பி" என்றாள். கூடாரம் ஆடும்படி சிரித்தார்கள்.

எசென்குல் சிரிக்கவில்லை. படத்துக்குக் கீழே, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றுகொண்டிருந்தார். புரூல் கண்ணை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீயும் அங்கதான் இருந்த, தம்பி. வலது பக்கம் இல்ல. இடது பக்கம் பாரு. குதிரையோட கடிவாள வாரு படத்தை விட்டு வெளிய போகுது பாத்தியா? அதோட மறு நுனியைப் பிடிச்சுக்கிட்டு நீதான் நின்ன. படத்துல குதிரை நல்லா விழணும், நீ தள்ளி நில்லுன்னு பெய்ஷேன்தான் சொன்னாரு. குதிரை மிரண்டுச்சு, உன் கையெல்லாம் ரத்தம். நீ விடல."

எசென்குல் அந்த வாரைப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தினமும் பார்த்த படத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, வெகு நேரம் மென்றார். அவர் அழுததாகச் சிலர் சொல்கிறார்கள். அழுதார்தான். கேலி செய்ய வந்த நானே அந்த இடத்தில் கேலியை நிறுத்திக்கொண்டேன்.

நாலு நாள் அவர் அரங்கத்துப் பக்கம் வரவில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்து ஊர் கொஞ்சம் வருந்தியது. ஐந்தாம் நாள் வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படத்தின் முன்னால் வரிசையாக நின்றன. எசென்குல் வலது ஓரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. இடது ஓரத்துக்குப் போய், சட்டத்துக்கு வெளியே வெறும் சுவரில் விரலை வைத்தார்.

"இங்க நிக்கிறது நான். அன்னைக்கு மட்டும் நான் வாரை விட்டிருந்தா, குதிரை பெய்ஷேன் மேல பாஞ்சிருக்கும். அப்புறம் நாடகமாவது, அரங்கமாவது."

பிள்ளைகள் சுவரை ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டன.

தலைநகரத்திலிருந்தும் செய்தி உண்டு. மக்களின் நெஞ்சைக் கேட்கத் தெரிந்தவர் என்பதால் ஆக்-கெச்சூ மக்கள் தனக்குக் காதை வழங்கிக் கௌரவித்ததாக ஒர்மோன் எழுதியிருக்கிறார். இந்த இனத்துக்கு அழிவே கிடையாது.

அன்றைய விருந்தில் எடுத்த படம் ஒன்றும் இப்போது அரங்கத்து வாசலில் தொங்குகிறது. புரூல் அக்கா கத்தி பிடித்திருக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் தேநீர்க் கெண்டியைச் சாய்க்கிற ஒரு கை மட்டும் தெரியும், ஆள் தெரியாது. அது யார் கை என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நாளைக்கே இந்தக் கதையை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். ஆக்-கெச்சூ எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. ஆனாலும், "எங்கேயோ படித்தேன்" என்று தொடங்க உங்களுக்கு மனம் வரப்போவதில்லை. "எசென்குல்னு ஒருத்தர், எனக்கு ரொம்ப வேண்டியவர்" என்றுதான் தொடங்குவீர்கள்.