ஐந்தாவது மன்றாட்டு

தேதி விஷயத்தில் நான் கறாரானவன். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தக் கிழமை காது குத்தினார்கள், எந்தத் தைப்பூசத்தில் மழை பெய்தது, அப்பா சைக்கிளை விற்றது தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். (வராவிட்டாலும் நானே போய்ச் சொல்லுவேன்.) இந்த ஒரு சம்பவத்துக்கு மட்டும் நான் ஆண்டைச் சொல்வதில்லை. தொண்ணூறுகளில் நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வேன். வேண்டுமானால் கிழமை தருகிறேன். வியாழக்கிழமை சரஸ்வதி பூஜை, வெள்ளிக்கிழமை விஜயதசமி, சனிக்கிழமை காலையில் பிலோமினாவின் கல்யாணம்.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் அத்தானுக்கு ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடைகளுக்கு பில் புத்தகம் என்று அவரும் என் அக்காவும் நடத்தி வந்தார்கள். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். ஆனால் அச்சகத்தில் எனக்குக் கணினி நிபுணர் என்ற பதவி இருந்தது. பதவியை உண்டாக்கியவனும் நான், அதில் என்னை நியமித்தவனும் நான். கணினியைப் பற்றி ஒன்றரைப் புத்தகம் படித்திருந்தேன்.

அச்சகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். முன்னறையில் இருந்ததில் அக்கா தமிழ் டைப் அடிப்பார். பின்னறையில் இருந்ததோடு லேசர் பிரிண்டர் சேர்ந்திருந்தது. பின்னறைக் கம்ப்யூட்டரில் டிஸ்கெட் செருகும் பெட்டி கெட்டுப்போனபோது, அத்தான் வேறொன்று வாங்கிப் போடலாம் என்றார். அவரை உட்கார வைத்து, உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று விளக்கினேன். அதன் விளைவாக ஒரு டிஸ்கெட் பெட்டியைப் போல ஏழெட்டு மடங்கு விலையில் இரண்டு அறைகளுக்கும் நடுவே கறுப்புக் கேபிள் ஓடியது. முன்னறையில் பட்டனைத் தட்டினால் பின்னறையில் தாள் வந்து விழும். அத்தான் ஒரு வாரம் வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

இனி சரஸ்வதி பூஜைக்கு வருகிறேன். கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், காகிதம் வெட்டும் கத்தி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவது அச்சகத்தில் வழக்கம். அன்று முழுக்க எந்த இயந்திரத்தையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று காலையில் கற்பூரம் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்யும் பொறுப்பு நிபுணருடையது.

முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் துடைக்கலாம் என்று நான் முதுகுப்பக்கம் போனேன். கேபிள் வந்து சேரும் இடத்தில் இரண்டு கைகளை விரித்ததுபோல் ஓர் இணைப்பு இருந்தது. ஒரு கையில் கேபிள். இன்னொரு கையில் சும்மா ஒரு வெள்ளி நிற மூடி, விரல் நுனி அளவு. அதிலிருந்து எந்த ஒயரும் எங்கேயும் போகவில்லை. தூசி நுழையாமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள் என்று தீர்மானித்தேன். (நான் படிக்காமல் விட்ட அரைப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் இருந்ததாம்.) இரண்டு கம்ப்யூட்டரிலும் இருந்த மூடிகளைத் திருகிக் கழற்றி, விபூதி போட்டுத் தேய்த்தேன். வெள்ளிச் சாமான் தோற்றது. அவ்வளவு அழகான பொருளை மறுபடியும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளித்து வைக்க மனம் வரவில்லை. உள்ளும் புறமும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்தேன். மூடி இருந்த ஓட்டை பொட்டு வைக்க வாகாக இருந்ததால், அங்கேயே தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் அப்பினேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு லீவு. காலையில் கற்பூரம் காட்டி முடித்ததும் அத்தான் வேனில் கிளம்பிப் போய்விட்டார். பிலோமினா வந்தாள்.

பிலோமினா என்னோடு படித்தவள், ஆசிரியை. மறுநாள் மாதா கோயிலில் தன் கல்யாணத் திருப்பலி தமிழில் நடக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள். அந்தக் கோயிலில் கல்யாணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். மாப்பிள்ளை வீட்டார் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஜனங்கள், அவள் அம்மாவுக்கும் தமிழ் மட்டும்தான் தெரியும். “ஜனங்க கையில புத்தகம் இருந்தா தமிழ்ல வைக்கிறேன். இல்லாட்டி பதில் சொல்ல ஆள் இருக்காது, இங்கிலீஷ்லயே முடிச்சிடுவோம்” என்று ஃபாதர் சொல்லியிருந்தார். அன்று மாலை ஒத்திகைக்குப் போகும்போது, பூசை ஜெபங்களும் ஜனங்கள் சொல்லும் பதில்களும் அடங்கிய அந்தச் சிறு புத்தகங்கள் அவள் கையில் இருக்கவேண்டும்.

அக்கா டைப் அடித்து, பிலோமினா மூன்று முறை பிழை பார்த்துக் கொடுத்த பக்கங்கள் முன்னறைக் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தன. பின்னறையில் ஒரு பிரதி அச்சாகிவிட்டால் போதும், நகல் எடுக்கும் மிஷின் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நான் விரலைச் சொடுக்கிவிட்டுப் பட்டனைத் தட்டினேன்.

பின்னறையில் மௌனம். பிரிண்டரைக் காணோம் என்றது திரை.

“என்னா சந்திரா, ஆச்சா?” என்றாள் பிலோமினா.

“விஜயதசமி இல்லையா, மெதுவாத்தான் எழுந்திரிக்கும்” என்றேன்.

இரண்டு கம்ப்யூட்டர்களையும் அணைத்துப் போட்டேன். முன்னதை முதலில் போட்டேன். பின்னதை முதலில் போட்டேன். கேபிளை நெடுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த அட்டையைப் பிடுங்கி, ஊதி, செருகினேன். மவுஸைக்கூட மாற்றினேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

அக்கா பூக்கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன்டா, அந்தப் பிரிண்டரத் தூக்கிட்டு வந்து இங்கயே மாட்டினா என்னா?”

“அக்கா, அதுக்கு டிரைவர் வேணும்.”

“அத்தான் வரட்டும், அவருதான் டிரைவர் வெச்சிருக்காரே.”

“அந்த டிரைவர் இல்லக்கா. அது ஒரு டிஸ்கெட். கம்ப்யூட்டர் கடையில இருக்கு.”

“போய் வாங்கிட்டு வாயேன்லா.”

நடந்தே போய் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் பிரிண்டரை முன்னறைக்குத் தூக்கிவிட்டால், கேபிள் எதற்கு என்ற கேள்வி வரும். அத்தான் அந்தக் கேள்வியைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்பார், வாழ்நாள் முழுக்கக் கேட்பார். “இது முறையா சரி பண்ண வேண்டிய விஷயம்” என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரப் பையன் ஆ ஹுவாட்டின் பேஜருக்குத் தகவல் கொடுத்தேன். அவன் கூப்பிடக் காணோம்.

முறையாகச் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தேன். எந்த முயற்சி பலித்தது என்று பிற்பாடு தெரியவேண்டும் அல்லவா? அதனால் திரையில் திறந்திருந்த பக்கத்தின் அடியில் ‘சோதனை’ என்று அடித்து அனுப்பினேன். அதை அழித்து ‘மறு சோதனை’ என்று அடித்தேன். பிறகு ‘கடைசிச் சோதனை’. மத்தியானம் ஆயிற்று. பிலோமினா நகத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். மருதாணி வைத்த நகம்.

“சந்திரா, நெசமாச் சொல்லு. ஆகுமா, ஆகாதா? ஆகாதுன்னா நான் இப்பவே ஃபாதர்கிட்டப் போய்ச் சொல்லிடறேன். எங்கம்மா நாளைக்கு ஒண்ணும் புரியாம உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதானே.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. அவள் முகம் கழுவப் போன நேரத்தில், திரையில் இருந்த பக்கத்தைப் பார்த்தேன். விசுவாசிகள் மன்றாட்டுப் பக்கம் அது. ஒவ்வொரு வேண்டுதலாக நான்கு இருந்தன. ‘கடைசிச் சோதனை’யை அழித்துவிட்டு, அதே நடையில் மனமுருகி ஒரு வரி அடித்தேன். பட்டனைத் தட்டினேன். பின்னறை அசையவில்லை.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. ஆ ஹுவாட்.

“பாஸ், கேபிள் உஜோங், பெனுத்துப் அடா தக்?”

கேபிளின் முனையில் மூடி இருக்கிறதா என்று மலாயில் கேட்கிறான். துடைக்கக் கழற்றினேன் என்றேன். அந்த மூடி சும்மா மூடி அல்லவாம். முனையை அடைத்து, போகிற சிக்னல் சுவரில் பட்ட பந்துபோல் திரும்பி வராமல் உறிஞ்சிக்கொள்ளுமாம். ஒன்று இல்லாவிட்டாலும் மொத்தக் கேபிளும் படுத்துவிடுமாம். “துவா துவா தடா?” இரண்டுமே இல்லையா? “அலாமாக்” என்று ஐயோ போட்டுவிட்டு அவன் போனை வைத்தான்.

தாம்பாளத்துக்கு ஓடினேன். கத்தரிக்கோல் இல்லை, ஸ்டேப்ளர் இல்லை, எல்லாம் வேலைக்குத் திரும்பியிருந்தன. மூடிகளும் இல்லை.

“அக்கா! இங்க வெள்ளியா ரெண்டு மூடி இருந்துச்சே?”

“அதுவா? யாரு பொருளுன்னு தெரியலன்னு உங்க அத்தான் பாத்தாரு. நம்ம வேன்ல இருந்துதான் கழண்டிருக்கும்னு சொல்லி எடுத்துட்டுப் போயிட்டாரு. ஜெலுத்தோங் வொர்க்ஷாப்புக்கு.”

நான் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் ஜெலுத்தோங் போய்ச் சேர்ந்தபோது, அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வேன் மேலே தூக்கப்பட்டு நின்றது.

“வாடா. உனக்குத் தெரியுமா, நம்ம வேன்ல ஒரு சாமான் கூடுதலா இருக்கு. முத்து எல்லா இடத்திலயும் வெச்சுப் பாத்துட்டாரு, எங்கயும் சேரல.”

“அத்தான், அது கம்ப்யூட்டர் சாமான். எங்க அது?”

மெக்கானிக் முத்து அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “குங்குமம் வெச்சிருந்துச்சு தம்பி. பூஜையில வெச்ச பொருளக் கீழ போடலாமா?” என்று சுவரைக் காட்டினார். முருகன் படத்துக்கு முன்னால், ஸ்பேனர்களுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் நடுவே, என் இரண்டு மூடிகளும் புதிதாகப் பூவும் பொட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இரண்டு நாளில் இரண்டு பூஜை. எந்தக் கணினி உறுப்புக்கும் கிடைக்காத மரியாதை.

“சாமிகிட்ட இருக்கறத எப்படித் தம்பி எடுக்கறது?” என்று அவர் தயங்கினார். அத்தான் ஒரு சூடத்தை ஏற்றிக் காட்டியபின்தான் கொடுத்தார். உள்ளே பார்த்தால் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. “காத்தடிச்சா போயிடும்” என்று முத்து அண்ணன் டயருக்குக் காற்றடிக்கும் குழாயை எடுத்தார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குங்குமம் போயிற்று. மூடியிலிருந்து என் முகத்துக்கும் வெள்ளைச் சட்டைக்கும் போயிற்று.

அந்தக் கோலத்தில் அச்சகத்துக்குள் நுழைந்தபோது பிலோமினா “ஐயோ, அடிபட்டிருச்சா!” என்று அலறினாள். “இல்ல, சுத்தம் பண்ணேன்” என்றேன். கம்ப்யூட்டர்களின் முதுகில் நான் அப்பியிருந்த சந்தனத்தை அவளே தன் அலங்காரப் பையிலிருந்த பஞ்சுக் குச்சியால் சுரண்டி எடுத்தாள். மூடிகளைத் திருகினேன். பட்டனைத் தட்டினேன்.

பின்னறையில் பிரிண்டர் இருமிவிட்டு, தாளை இழுத்தது. அந்தச் சத்தத்துக்கு அக்கா பூவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து கைதட்டினார்.

அதன்பிறகு யாருக்கும் எதையும் படிக்க நேரமில்லை. நகல் மிஷின் ஓடியது, பிலோமினா மடித்தாள், அக்கா ஸ்டேப்ளர் அடித்தார், அதற்குள் வந்து சேர்ந்த அத்தான் கட்டுக் கட்டினார். ஒத்திகைக்கு அவள் புத்தகக் கட்டோடு ஏறிய டாக்சிக்குக் கையாட்டிவிட்டு, “பாத்தீங்களா அத்தான், முறையாச் செஞ்சா எல்லாம் நடக்கும்” என்று நான் சொன்னது உண்மை. சாட்சிகள் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை கோயில் நிறைந்திருந்தது. எல்லார் கையிலும் புத்தகம். ஃபாதர் தமிழில் ஆரம்பித்தார், ஜனங்கள் தமிழில் பதில் சொன்னார்கள். முன்வரிசையில் பிலோமினாவின் அம்மா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தார். பின்வரிசையில் நான் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

விசுவாசிகள் மன்றாட்டை வாசிக்க மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து வந்தார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டில் நூற்றுக்கணக்கான பேர்களைக் கூப்பிட்ட குரல், மைக் வேண்டாம். கையில் கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பவர். திருச்சபைக்காக ஒன்று, மணமக்களுக்காக ஒன்று, பெற்றோருக்காக ஒன்று, இறந்தவர்களுக்காக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கோயிலே முழங்கியது: “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

நான்கோடு முடியவேண்டும். பெரியப்பா மூச்சை இழுத்துக்கொண்டார்.

“இந்தப் பிரிண்டர் இன்று மாலைக்குள் ஓடவும், சந்திரனின் மானம் கப்பலேறாமல் இருக்கவும் வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!”

வாய் சொல்லி முடித்த பிறகுதான் ஜனங்களின் கண் அந்த வரிக்குத் திரும்பியது. வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தான் பார்க்கவில்லை, அவர் பெஞ்சுக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தார். முக்காட்டுக்குள் பிலோமினாவின் தோள்களும் குலுங்கின. மகள் அழுகிறாள் என்று நினைத்து அவள் அம்மாவும் அழுதார். ஃபாதர் ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு, “தந்தையே, எங்கள் மன்றாட்டுகளை, எல்லா மன்றாட்டுகளையும், ஏற்றருளும்” என்றார்.

விருந்தில் பெரியப்பா என்னைத் தேடி வந்தார். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீதானா தம்பி சந்திரன்? மனசக் கொழப்பிக்காத. இப்ப ஓடுதா அது?” என்றார். ஓடுகிறது என்றேன். “சொன்னேன்ல” என்று நிம்மதியாகப் பிரியாணிக்குப் போனார்.

அன்றிலிருந்து சரஸ்வதி பூஜைக்கு எனக்குச் சுண்டல் மட்டும்தான். துடைக்கத் துணி கொடுப்பதில்லை. எங்கள் வீட்டிலும் பிலோமினா வீட்டிலும் எது நின்றாலும், மின்விசிறியோ, காரோ, பிற்பாடு வந்த இன்டர்நெட்டோ, யாராவது ஒருவர் பெரட்டுக் குரலில் ஐந்தாவது மன்றாட்டைச் சொல்வார்கள், மற்றவர்கள் பதில் சொல்வார்கள்.

பிலோமினா தம்பதியின் வெள்ளி விழா விருந்தில் வாழ்த்துரை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய இருபத்தைந்து ஆண்டுகளையும் கிழமைவாரியாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். மேடையேறி வாயைத் திறந்ததும் மைக் செத்துப்போனது. நான் ஒயர் பக்கம் குனிந்தேன்.

“டேய், தொடாத!” என்று முதல் மேசையிலிருந்து அக்கா கத்தினார்.

பிலோமினா பட்டுப்புடவையோடு எழுந்து நின்றாள். பெரியப்பா காலமாகிவிட்டார். அவருடைய குரலை அப்படியே எடுத்து, புத்தகம் பார்க்காமல், பிரிண்டர் என்ற ஒரு சொல்லை மட்டும் மைக் என்று மாற்றி ஐந்தாவது மன்றாட்டைச் சொன்னாள். மண்டபமே பதில் சொன்னது. அந்தக் கல்யாணத்தின்போது பிறந்திராத பிள்ளைகளும் சொன்னார்கள்.

மைக் கடைசிவரை ஓடவில்லை. என் பதினான்கு பக்கமும் சட்டைப்பையிலேயே வீடு திரும்பியது. அன்று மண்டபத்தில் எல்லாரும் மனதுக்குள் வேண்டிக்கொண்டது அதைத்தான் என்று அத்தான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.