ராணிக்கு வந்த வீட்டோட மாப்பிள்ளை

கிழக்குத் தாம்பரத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் கல்யாண நாளே மறந்து போகலாம். அன்று முதல் பந்தியில் முதலில் தீர்ந்தது சாம்பாரா ரசமா என்பது மண்டபத்துக்கு மறக்கவே மறக்காது.

மண்டபம் என்றால் கட்டடம் இல்லை, ஆள். சேலையூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் தனியாக இருந்தார். கேம்ப் ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாலிப வயதில் மேனேஜராகச் சேர்ந்து, தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்துவிட்டார். அப்புறம் அதை இடித்து சூப்பர் மார்க்கெட் கட்டிவிட்டார்கள். கட்டடம் போனாலும் பெயர் இவரிடம் தங்கிவிட்டது. கூரியர் பையன் கூட, "மண்டபம் சார் வூடு எது?" என்றுதான் கேட்பான். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து. மணமகள் அறை, மணமகன் அறை, ஸ்டோர் ரூம், ஜெனரேட்டர் ரூம் என்று அத்தனைக்கும் சாவி உண்டு. திறப்பதற்குத்தான் கதவுகள் இல்லை. "இன்னும் எதுக்கு சார் இது?" என்று ஒருமுறை கேட்டேன். "இது இல்லன்னா வேட்டி நிக்க மாட்டேங்குது டீச்சர்" என்றார்.

அவரைக் காப்பிக்குக் கூப்பிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று கடிகாரத்தைப் பார்ப்பார். எழுந்து சாவிக்கொத்தைக் கலகலவென்று ஆட்டுவார். ஃபேனை நிறுத்துவார், விளக்கை அணைப்பார். "டைம் ஆச்சு, அடுத்த பார்ட்டி வந்துருவாங்க, காலி பண்ணுங்க" என்பார். எங்கள் வீட்டு ஹாலிலிருந்து எங்களையே காலி செய்யச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். என் கணவர் பாஸ்கரும் வாயில்லாப் பூச்சியாக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போயிருக்கிறார்.

துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் இதே கதைதான். வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அழுதுகொண்டிருப்பவரின் காதருகே குனிந்து, "இலை பத்தாது போலிருக்கே" என்பார். அவரைத் திட்டவும் முடியாது. அவர் சொன்ன கணக்கு என்றைக்கும் தப்பியதில்லை.

ஊரில் இத்தனை பேருக்குக் கல்யாணம் நடத்தி வைத்த மனிதருக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் கேட்டால் ஒரே பதில்தான். "எல்லா முகூர்த்தத்தையும் மத்தவங்க புக் பண்ணிட்டாங்கம்மா. எனக்கு டேட் கிடைக்கல."

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் எங்கள் வீட்டு முயல் விவகாரத்தில் மூக்கை நுழைத்தார்.

எங்களிடம் ராஜா, ராணி என்று இரண்டு முயல்கள் இருந்தன. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் புலம்ப நான் இதை எழுதவில்லை. அந்த இரண்டும் எனக்கு என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ராஜா வயதாகிப் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து ராணி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். புல்லைத் தொடவில்லை. கொத்தமல்லியைக் கண்டால் கட்டோடு இழுத்துப் போகிறவள், மூக்கருகே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூழ் மாதிரி கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டினேன். பாதி அவள் வாயில், மீதி என் புடவையில்.

கால்நடை டாக்டரம்மா அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். "முயல் சாப்பிடாம இருந்தா குடல் வேலை செய்யறதே நின்னுடும். எத்தனை நாளைக்கு ஊட்டுவீங்க? இவளுக்கு ஒரு துணை பாருங்க. ஆனா அவசரப்பட்டு உடனே ஒண்ணா விட்டுடாதீங்க."

பல்லாவரத்தில் ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர்களிடம் சாம்பல் நிறத்தில், தொங்கு காதோடு ஓர் ஆண் முயல். ராணியைப் போல அதற்கும் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருந்தது. "ஒத்துவரலைன்னா நாங்க கிளம்பறதுக்குள்ள சொல்லிடுங்க, வேற ஆளுக்குக் குடுத்துடறோம்" என்று கண் கலங்கக் கொடுத்தார்கள்.

கூடையோடு ஆட்டோவிலிருந்து இறங்கி மாடியேறினால் எங்கள் வீட்டு வாசலில் மண்டபம் நிற்கிறார், கையில் ஆலத்தித் தட்டோடு. பாஸ்கர் ஃபோனில் உளறியிருக்கிறார்.

"சார், டாக்டர் உடனே சேர்க்கக் கூடாதுன்னு..."

"அதெல்லாம் அப்புறம் டீச்சர். வீட்டோட மாப்பிள்ளையா வர்றாரு. ஆலத்தி கூட எடுக்கலைன்னா நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க? வலது காலை எடுத்து வெச்சு வரச் சொல்லுங்க."

"முயலுக்கு நாலு கால் சார்."

"முன்னாடி இருக்கறதுல வலது!"

பாஸ்கர் பயபக்தியோடு அந்த வலது முன்னங்காலைப் பிடித்து நிலைப்படியில் வைத்தார். நான் தடுப்பதற்குள் ஆலத்தி சுற்றியாயிற்று. அதே வேகத்தில், 'பொண்ணு பக்கத்துல உக்கார வைக்கணும்' என்று மாப்பிள்ளையை நேராக ராணியின் கம்பித் தடுப்புக்குள் இறக்கிவிட்டார் மண்டபம்.

சாப்பிடத் தெம்பில்லாத ராணிக்குச் சண்டை போட எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ! ஒரே பாய்ச்சல். இரண்டும் பந்தாகச் சுருண்டு உருண்டன. மயிர் பஞ்சாகப் பறந்தது. பிரிக்கக் கையை விட்ட பாஸ்கர் கடி வாங்கிக்கொண்டு சோபா மேல் ஏறி நின்றார். தட்டோடு பின்வாங்கிய மண்டபம் தடுப்பில் இடித்து விழ, ஆலத்தித் தண்ணீர் மொத்தமும் ராணி தலையில். வெள்ளை முயல் ஒரு நொடியில் செக்கச்செவேல் என்று நின்றது. நான் ரத்தம் என்று நினைத்து அலறிய அலறலில் மூன்றாவது மாடிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையை ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து மீட்டோம். காது நுனியில் ஒரு சின்னக் கீறல்தான். மண்டபம் தரையில் உட்கார்ந்தபடியே, "இன்னா பேஜாரு இது! தாலி கட்டற நேரத்துல நின்ன கல்யாணம் பார்த்திருக்கேன். மாப்பிள்ளை ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி பூந்தது இதான் ஃபர்ஸ்ட்டு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "சார், இது கல்யாணமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல! அவ சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? இவனும் ஒத்துக்கலைன்னா அவ செத்துடுவா சார்! தயவுசெஞ்சு போங்க!" என்று கத்திவிட்டேன். அவர் தட்டைப் பொறுக்கிக்கொண்டு படி இறங்கிப் போனார். அப்புறம் சில நாள் எங்கள் மாடிப்படியில் சாவிச் சத்தமே கேட்கவில்லை.

மறுபடி டாக்டரம்மாவிடம் ஓடினேன். வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வரும்போது, படியேறிக்கொண்டே பாஸ்கரிடம் சொன்னேன். "உங்க ஹாலே ராணியோட இடம், அங்க புது ஆளை விட்டா விடுவாளான்னு திட்டறாங்க. முதல்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தனித்தனியா வைக்கணுமாம், ஒண்ணோட வாசனை ஒண்ணுக்குப் பழகணுமாம். அப்புறம் ரெண்டுக்குமே சொந்தமில்லாத இடத்துல சந்திக்க விடணுமாம். அப்படி ஒரு இடத்துக்கு நான் எங்க போக?"

தரைத்தளக் கதவு படீரென்று திறந்தது.

"என்ன சொன்னாங்க? ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடமா?" மண்டபம் தலையில் அடித்துக்கொண்டார். "அதுக்குப் பேர்தானம்மா கல்யாண மண்டபம்! பொண்ணு வீட்ல வெச்சா மாப்பிள்ளை வீட்டுக்காரன் முறைப்பான், அங்க வெச்சா இவன் முறைப்பான்னுதான ஊர்ல மண்டபமே கட்டறான்? சோத்துல உப்புப் பார்த்தே காலத்தை ஓட்டிட்டேன், இது தோணலையே எனக்கு! என் ஹாலை எடுத்துக்கோங்க. வாடகை வேணாம். செருப்பை மட்டும் வெளியில விட்டுடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜா போனபிறகு நான் சிரித்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்ன ஒவ்வொன்றையும் மண்டபம் தன் பாஷையில் மாற்றிக்கொண்டார். எங்கள் ஹாலில் ஓர் ஓரம் மணமகள் அறை ஆயிற்று, எதிர் ஓரம் மணமகன் அறை. மூக்கை நீட்டிக் கடித்துக்கொள்ளாதபடி நடுவில் இடைவெளி விட்டு இரண்டு தடுப்பு. இது சிறுநீர் கழிக்கும் மணல் தட்டை அதற்கும், அதன் தட்டை இதற்கும் மாற்றி வைக்க வேண்டும் என்றதும் குஷியாகிவிட்டார். "நிச்சயதார்த்தம்! தட்டு மாத்தறது நம்ம டிபார்ட்மென்ட்!" அந்தத் தட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் முகம் மாறியது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெத்தலை பாக்கு, பழம்னு எத்தனையோ தட்டு பார்த்துட்டேன். இப்படி ஒரு சீர் பார்த்ததில்ல" என்றார்.

ராணி முதல்நாள் அந்தத் தட்டைக் கவிழ்த்தாள். மறுநாள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "பொண்ணு சைடு இறங்கி வருது" என்று மண்டபம் குறித்துக்கொண்டார். தடுப்பின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் புல் வைத்தோம். அதற்குப் பெயர் பந்தி. மாப்பிள்ளை கரகரவென்று சாப்பிடுவதை ராணி காதை விறைத்துக்கொண்டு கேட்பாள். ஆனால் ஒரு வாய் தொடமாட்டாள். நான் சிரிஞ்சோடு உட்கார்ந்திருப்பேன். பல்லாவரத்துக்காரர்கள் பெட்டி கட்டிவிட்டார்கள், பதில் கேட்டு ஃபோன் மேல் ஃபோன்.

கடைசியில் மண்டபம் காலண்டரைப் பார்த்து நல்ல நேரம் குறித்தார். அவர் ஹாலைக் கழுவித் துடைத்து, வழுக்காமல் இருக்கப் பழைய ஜமுக்காளம் விரித்திருந்தார். வாசலில் கோலம்கூட இருந்தது. ராணியை நான் ஒரு பக்கம் இறக்கினேன், மாப்பிள்ளையைப் பாஸ்கர் மறுபக்கம் இறக்கினார். அவர் கையில் முன்ஜாக்கிரதையாக சமையலறைக் கையுறை.

புது இடம் என்பதால் இரண்டுக்கும் அதிகாரம் பண்ணத் தோன்றவில்லை. மோந்து பார்த்தன. ராணி இரண்டு தடவை விரட்டினாள். ஆனால் கடிக்கவில்லை. பிறகு மூக்கோடு மூக்காக உட்கார்ந்து, இரண்டும் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்தின. 'என் நெற்றியை நக்கிவிடு' என்று கேட்கும் முறை அது. இரண்டும் கேட்கின்றன, இரண்டும் கொடுக்கவில்லை. அப்படியே சிலையாகக் கிடந்தன.

"இன்னா இது, தூங்கிடுச்சா?" என்றார் மண்டபம் மெதுவாக.

நான் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, சம்பந்தி கௌரவம்! யார் முதல்ல வணக்கம் சொல்றதுங்கற பிரச்சனை. எத்தனை பார்த்திருக்கேன்! நாம யாரும் சமாதானம் பேசக் கூடாது. ஒண்ணும் நடக்காத மாதிரி இலையைப் போட்டுடணும்."

ஒரு வாழையிலையை எடுத்துவந்தார். இரண்டுக்கும் நடுவே தலைவாழை முறைப்படி விரித்தார். அதன்மேல் ஒரு கட்டுக் கொத்தமல்லி. பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பாஸ்கரின் கையுறையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைதான் இறங்கி வந்தான். கொத்தமல்லியைத் தாண்டிப் போய், ராணியின் நெற்றியை ஒருதரம் நக்கினான். நிறுத்திப் பார்த்தான். மறுபடி நக்கினான். ராணி கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றி, கண் ஓரம், காது என்று அவன் பொறுமையாக வேலை பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து ராணி கழுத்தை நீட்டி ஒரு கொத்தமல்லித் தண்டைக் கவ்வினாள். கரக், கரக் என்று சத்தம் கேட்டது. வாழையிலையோடு சேர்த்துத் தின்றாள் என் தங்கம். நான் அழுதுவிட்டேன். பாஸ்கர் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து இரண்டும் ஒட்டிப் படுத்துத் தூங்கிவிட்டன. மண்டபம் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். சரிதான், விளக்கை அணைக்கப் போகிறார் என்று நினைத்தேன். சுவிட்ச் பக்கமே போகவில்லை. சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் நடந்து, தன் வீட்டை விட்டுத் தானே வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"சார், உங்க வீடு இது. உள்ள வாங்க. நாங்க இவங்களைத் தூக்கிட்டுப் போயிடறோம்."

"தூங்கறவங்களை எழுப்பாதீங்க டீச்சர். மெதுவா காலி பண்ணுங்க. இன்னைக்கு வேற பார்ட்டி இல்ல."

மண்டபம் இப்போது விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் அக்கா மகள் வீட்டில் இருக்கிறார். ஃபோனில் பேச ஆரம்பித்தால் நடுவே ஒரு விமானம் வந்து பாதிப் பேச்சைத் தின்றுவிடும். அவர் முதலில் கேட்பது என்னை இல்லை. "பொண்ணு சாப்பிட்டாளா?" என்பார். சாப்பிட்டாள் சார், ரெண்டும் ஒரே தட்டில்தான் என்பேன். "அப்ப சரி, டைம் ஆச்சு" என்று பேச்சை முடிப்பார். ஃபோனை வைப்பதற்கு முன்னால் அந்தச் சாவிக்கொத்துச் சத்தம் கலகலவென்று கேட்கும். அதைக் கேட்டால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குகிறது.