ஜனீன் பொருத்திய பாய்லரும் ஓர் இலையும்

அன்பு மருமகள் பெவர்லிக்கு,

ஹாலிஃபாக்ஸிலிருந்து உன் தாய்மாமன் ஆர்னால்டு, இரண்டு கம்பளிச் சட்டைகளுக்குள் ஒடுங்கியபடி ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அத்தை வின்னியும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் இனி நான் சொல்லப்போவதை நீ நம்ப மாட்டாய், உன் கணவன் நம்ப மாட்டான், பாதிரியார் முன் சத்தியம் செய்தால் பாதிரியாரே எழுந்து போய்விடுவார்.

நீ காரியதரிசியாக இருக்கும் முதியோர் குடியிருப்பில் பதினான்கு வீட்டுப் பாய்லர்களையும் மாற்றும் வேலையை ஜனீன் ஹோல்ராய்டுக்குக் கொடுக்கலாமா, அவள் தனியாகத் தொழில் தொடங்கிச் செய்த முதல் வேலை உங்கள் வீடுதானே, மாமா சொல்வதுதான் முடிவு என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், கேள்.

வீட்டைச் சூடாக்கிய எங்கள் பழைய பாய்லர் வார்ப்பிரும்பு மகாராஜா. அது உறுமினால் அலமாரித் தட்டுகள் நடனமாடும். அதன் புகைக்குழாயில் குளிர்காய்ந்த புறாக்கள் ஜனவரியில் முட்டையிட்டன. அதன் வெந்நீர் ஓடும் சுவர் ரேடியேட்டரில் கை வைத்தவன் கைரேகையை அங்கேயே விட்டுவிட்டுப் போவான். அதை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது; அதன் இடத்தில் ஜனீன் மாட்டியதோ ரொட்டி டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. கண்டென்சிங் பாய்லராம். முதலில் பழைய குழாய்களைக் கழுவ வேண்டும் என்றாள். கழுவினாள். முப்பது வருடக் கறுப்புச் சேறு மூன்று நாள் வந்தது. மூன்றாம் நாள் ஒரு விலாங்கு மீன் தலையை நீட்டி, குடியிருப்பவனை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பிறகு பற்றவைத்தாள். சத்தமே இல்லை. ரேடியேட்டரைத் தொட்டால் மறந்து வைத்த தேநீர்க் கோப்பையின் சூடுதான். ஏனம்மா இப்படி என்று கேட்டேன்.

"எண்பது டிகிரில வெச்சா இதுக்கும் பழசுக்கும் என்ன வித்தியாசம், பெரியவரே? ஐம்பதுல நாள் முழுக்க ஓடட்டும். தண்ணி சூடு தணிஞ்சு திரும்பி வந்தாத்தான் புகையில இருக்குற ஆவி தண்ணியா மாறும், வீணாப் போற சூடும் வீட்டுக்கே கிடைக்கும். அந்தத் தண்ணி வெளிக்குழாயில சொட்டும். சொட்டினா ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

நியாயத்தைப் பார்த்தாயா? நவம்பரில் என் மூக்கும்தான் சொட்டுகிறது, ஒழுங்காக வேலை செய்கிறது என்று யாராவது மெடல் குத்திவிட்டார்களா? நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும்: வீட்டுக்குள் வருகிறவர் கும்பிடுபோடுவதற்கு முன் உள்ளங்கையை ரேடியேட்டரில் வைப்பார். பக்கத்து வீட்டு ரெஜ் வந்தார், உள்ளங்கையை வைத்தார், புறங்கையை வைத்தார், தொப்பியைக் கழற்றினார். "ஆர்னால்டு, இது செத்து எவ்வளவு நேரமாச்சு?" என்றார். அவ்வளவுதான், தெருவே வரிசையில் வந்து தொட்டுவிட்டுப் போனது. வந்தவர்களுக்கெல்லாம் வின்னி 'பார்க்கின்' என்ற இஞ்சிக் கேக்கை வெட்டி வெட்டிக் கொடுத்ததில் வீடு துக்க வீடாகவே ஆகிவிட்டது.

வெளியே அந்த வெள்ளைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை எப்படியோ சொட்டு நின்றது, எப்படி என்பது கடவுளுக்கே வெளிச்சம். பத்து நிமிடத்தில் பெட்டி நீரில் மூழ்குகிறவன் போலக் களகளவென்று முனகி, தன் சின்னத் திரையில் ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு அணைந்தது. ஜனீன் வருவதற்குள் வின்னி பேசிய சொற்கள் வாயருகே உறைந்து தரையில் விழுந்தன, பெருக்கித் தள்ளினேன். தெருவே முற்றத்தில் நின்று பார்க்க, ஜனீன் குனிந்து குழாய் வாயிலிருந்து எதையோ பிடுங்கினாள், கையை மூடிக்கொண்டாள், என்னை ஒருமுறை பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

"ஒண்ணுமில்ல, ஒரு இலை அடைச்சிருந்துச்சு," என்றாள்.

"ஒரு இலைக்கு மூச்சடைக்கிற பாய்லரா? நமக்கு வேணாம் தாயே," என்றார் ரெஜ். அவளிடம் வேலை சொல்லியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அங்கேயே பின்வாங்கினார்கள். ஜனீன் பெட்டியை மறுபடி ஓடவிட்டு, கருவிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மரமே இல்லாத தேசமாகப் பார்த்து மாட்டட்டும். பதினான்கு முதியவர்களை இலைகளிடம் ஒப்படைக்காதே, அம்மாடி. உனக்கும் உன் வீட்டாருக்கும் சகல நன்மைகளும், சுடச்சுட ஒரு குளிர்காலமும் வாய்க்கட்டும்.

உன் மாமா,
ஆர்னால்டு

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அத்தை இதைப் படித்துவிட்டு, கடிதத்தின் மேல் ஒரு பொருளை வைத்தாள். ஒரு தக்கை. என் ஜிஞ்சர் ஒயின் புட்டியின் தக்கை. ஜனீன் அன்றைக்கே அதை அவள் கையில் கொடுத்து, தெருவுக்கு முன்னால் பெரியவர் தலைகுனிய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். "நீங்க எழுதுறீங்களா, நான் எழுதவா?" என்கிறாள் வின்னி. நானே எழுதுகிறேன். சொட்டுவது பொறுக்காமல் அதைக் குழாய் வாயில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கியவன் நான். இலை கிடையாது. விலாங்கு கிடையாது. இரண்டு கம்பளிச் சட்டையும் கிடையாது, கழற்றிப் பத்து நாளாகிறது. எந்தக் குளிர்காலத்திலும் சூடேறாத எங்கள் பின்னறையில்கூட வெறும் சட்டையோடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பதினான்கையும் அவளுக்கே கொடு. தக்கையை எடுத்துக்கொண்டு இப்போது ரெஜ் வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து அந்த இரண்டு வீடுகளுக்கும்.

மேலே எழுதியதில் சின்னதாக ஓர் உண்மையும் உண்டு: குழாய் சொட்டியது. இப்போதும் சொட்டிக்கொண்டிருக்கிறது.