இரும்புக்குள் பார்க்கும் மெஷின்

கட்டைவிரல் பருமன் ஓட்டைதான். லோகநாதன் இரும்புத் தூளையும் மெழுகையும் குழைத்து அதை அடைத்து, மேலே கரியைத் தேய்த்துவிட்டிருந்தான். ஓட்டை விழுந்தது கப்பல் சுக்கானுக்கான இரும்பு வார்ப்பில். திருவொற்றியூர் வார்ப்படத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக அவன் வேலையில் ஒருவரும் குறை கண்டதில்லை. கண்ணால் பார்த்தால் இதையும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தத் தடவை கண்ணால் பார்க்கப்போவதில்லை என்பதுதான் சிக்கல். இரும்பை ஊடுருவிப் படம் எடுக்கும் பீட்டாட்ரான் என்ற மெஷின் சீமையிலிருந்து வந்து, மூலை அறையில் காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது.

பயத்தில் அவன் செய்த முதல் காரியம், வார்ப்பின் மேல் சாக்கட்டியால் எழுதியிருந்த தன் நம்பரை அழித்தது. நம்பர் இல்லாத வார்ப்பு மேஸ்திரி சுப்புராஜ் கண்ணில்தான் முதலில் பட்டது.

"இது யாரு வார்த்ததுன்னே தெரியலயே. மத்தியானம் மொதல்ல இதையே மெஷினுக்கு அனுப்புங்கடே" என்றார்.

லோகநாதன் மெஷின் ஓட்டும் ரஷீதைத் தேடிப் போனான்.

"இரும்புக்குள்ள இன்னா தெரியப்போவுது, மாமு?"

"எல்லாம் தெரியும். காந்தத்தோட பலம் ஏறி ஏறி எறங்கும். ஏறச்சொல்ல, காந்தத்துக்கு நடுவுல கீற வளையத்துக்குள்ள எலக்ட்ரானு சுத்த ஆரம்பிக்கும். காந்தம் ஏற ஏற அதுக்கு வேகம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள லட்சம் சுத்து. அப்பால ஒரு தகட்டுல போய் மோதும். அதுலேர்ந்து கெளம்புற கதிரு ஒரு அடி இரும்பக்கூட தொளைச்சுக்கினு போயி படம் புடிச்சிரும்."

கேட்காமலே இருந்திருக்கலாம்.

வயிற்றுவலி என்று மேஸ்திரியிடம் லீவு கேட்டான்.

"அப்படியா? வாடே, அந்த மெஷின் முன்னாலயே நில்லு. வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம்" என்று சுப்புராஜ் சிரிக்காமல் சொல்லி, கையைப் பிடித்து மூலை அறைக்கே இழுத்துப் போனார்.

உள்ளே தரை அதிர்ந்தது. மேனேஜர் உட்கார்ந்திருந்தார். நடுக்கடலில் சுக்கான் உடைவதும், தன் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்பதும் லோகநாதனுக்கு ஒன்றாகத் தெரிந்தன. யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயா, அந்த ஓட்டைய மெழுகு வெச்சு அடைச்சது நான்தான். வேலைய மட்டும் எடுத்துறாதீங்க" என்று கைகூப்பினான்.

மேனேஜர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "உடைச்சுட்டு மறுபடி வார்த்துக் குடு. போ."

வேலை போகவில்லை. நம்ப முடியாமல் வெளியே வந்து சுவரில் சாய்ந்தான். வியர்வை மட்டும் நிற்கவில்லை. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த குப்பம்மா அவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"அந்த மெஷினுக்குள்ள வெக்கிற வளையமே இன்னும் கப்பல்லேர்ந்து எறங்கல, வெறும் காந்தந்தான் கத்திக்கினு கீது, ஆனா காலைலேர்ந்து உள்ள போயி உண்மைய சொல்லிட்டு வந்ததுல நீ ஆறாவது ஆளு, நைனா."